எல்லோருக்கும் ஒரு மேடை

(பெருங்குடியில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், 1993-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



விழாக் குழுவினர் எனக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அடுத்து சாப்பாடு. பந்திக்கு முந்துகிறவர்களைத் தடுத்த பாவம் எனக்கு வேண்டாம் என்பதால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அக்கா, நீங்க ஞாயித்துக்கிழமைகள்ல ஏதோ கலை நிகழ்ச்சியெல்லாம் நடத்துறீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். "என்ன மாதிரி நிகழ்ச்சின்னு தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும்க்கா. அதனாலதான் கூப்பிடுறேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே வந்திருக்கிறேன்.

அலுவலக வேலை, வீட்டு வேலை போக மிஞ்சுகிற நேரத்தில், நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து இந்தக் காரியத்தைப் பல வருஷங்களாகச் செய்து வருகிறோம். எங்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது, லெட்டர் பேடு கிடையாது. மேடை போடுகிறோம், அவ்வளவுதான். திருநங்கையர், திருநம்பியர், தன்பாலினத்தவரை நேசிக்கிறவர்கள், குப்பத்துப் பெண்கள், தலித் பெண்கள், காலையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுச் சாயங்காலம் பாட வருகிற பெண்கள், இவர்களுக்காகத்தான் அந்த மேடை. இவர்களில் பலருக்குப் பாட வரும், ஆட வரும், நடிக்க வரும், எழுத வரும். மேடைக்கு ஏறும் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

"இவங்களையெல்லாம் எதுக்கு ஒண்ணா சேர்க்கறீங்க? பெண்கள் பிரச்சினை வேற, திருநங்கைகள் பிரச்சினை வேற, சாதி வேற" என்று பலர் கேட்கிறார்கள். புத்தகத்தில் வேறு வேறு அத்தியாயமாக இருக்கலாம். ஆனால் நேரில் பார்த்தால் ஒரே ஆள் மூன்றாகவும் இருக்கிறார். மூன்று கதவும் அவர் முகத்தில்தான் சாத்தப்படுகின்றன.

இந்த யோசனை ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பில்லை. 1980-ல் அமெரிக்காவில் பார்பரா ஸ்மித், ஆட்ரி லார்ட் போன்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்தை அவர்களே அச்சிடுவதற்காக. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கிச்சன் டேபிள்', அதாவது அடுக்களை மேஜை. கனடாவில் டொராண்டோ நகரில் நம் தெற்காசிய மக்களில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் சேர்ந்து வைத்திருந்த 'குஷ்' என்ற குழு 1988-ல் ஒரு கலைவிழா நடத்தியது. பிறகு அதுவே 'தேஷ் பர்தேஷ்' என்ற பெயரில் பெண்கள், தொழிலாளர்கள், குடியேறியவர்கள் என்று எல்லோரையும் அழைக்கும் பெரிய விழாவாக வளர்ந்து 2001 வரை நடந்தது. பாட்டு, நாடகம், சினிமா, கவிதை என்று ஒரு தலைமுறைக் கலைஞர்கள் அதில்தான் முதல் மேடை கண்டார்கள்.

நமக்கு முன்னால் மேடை போட்டவர்கள்

கடல் கடந்து போவானேன்? நாம் இப்போது கூடியிருக்கும் இந்தப் பெருங்குடிக்குப் பக்கத்திலேயே தரமணி இருக்கிறது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நெல், கடலோரம், விவசாயம் என்றுதான் அந்த நிறுவனத்தை நமக்குத் தெரியும். 1993-ல், நான் டிகிரி வாங்கிய அதே வருஷம், அந்த நிறுவனத்தின் ஆதரவில் 'வாய்ஸிங் சைலன்ஸ்' என்ற பெண்கள் நாடக முயற்சி தொடங்கியது. அ. மங்கை என்ற பெயரில் நாடக உலகம் அறிந்த ஆங்கிலப் பேராசிரியர் வ. பத்மா அதை முன்னின்று நடத்தினார். பெண்சிசுக் கொலையைப் பற்றி 'பச்ச மண்ணு' என்று ஒரு நாடகம். கவிஞர் இன்குலாப் எழுதிய 'அவ்வை' இன்னொன்று. அவ்வை என்றாலே கோலூன்றிய பாட்டி என்று காலண்டரில் பார்த்துப் பழகிய நமக்கு, சங்ககாலத்து இளம் விறலியைக் கண் முன்னே நிறுத்திய நாடகம் அது. நாடகக்காரப் பெண்களை ஒன்றுகூட்டிக் 'குலவை' என்ற பெயரில் விழாவும் எடுத்தார்கள்.

பிறகு திருநங்கையரே சேர்ந்து 'கண்ணாடி கலைக்குழு' என்று ஒன்று அமைத்தார்கள். எழுத்தாளர் பிரியா பாபு அதில் முக்கியமானவர். 'மனசின் அழைப்பு' என்ற அவர்களுடைய நாடகத்துக்கும் மங்கை துணை நின்றார். திருநங்கைகளைப் பற்றி மற்றவர்கள் நடிப்பதையே பார்த்திருந்த நகரத்தில், தங்களைத் தாங்களே நடித்துக் காட்டினார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான 'நான், வித்யா' 2007-ல் வந்தது. 2014-ல் அவரும் நண்பர்களும் 'பன்மை' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள்.

2009 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை, மெரினா கடற்கரையில் சென்னையின் முதல் வானவில் பேரணி. சரியாக நாலு நாள் கழித்துத்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஆவது பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றமே, வயது வந்தவர்கள் மனமொத்து நேசிப்பது குற்றமில்லை என்று முடிவாகச் சொன்னது. சட்டம் இப்படி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்த அந்த ஒன்பது வருஷத்தில் இந்த நகரத்தில் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். 2013-ல், 'ஓரினம்' நண்பர்களும் மற்ற அமைப்புகளும் நுங்கம்பாக்கம் கெத்தே இன்ஸ்டிட்யூட்டில், நாம் மாக்ஸ்முல்லர் பவன் என்று பழகிய அதே நிறுவனத்தில், 'ரீல் டிசையர்ஸ்' என்ற திரைப்பட விழாவைத் தொடங்கினார்கள். 2018 ஜூலையில், அதாவது இறுதித் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பே, மயிலாப்பூர் கவிக்கோ மன்றத்தில் 'குயர் சென்னை கிரானிக்கிள்ஸ்' குழுவினர் ஒரு இலக்கிய விழாவை நடத்திக் காட்டினார்கள். நீதிமன்றம் வழிவிடட்டும் என்று கலைஞர்கள் காத்திருக்கவில்லை.

இன்னொரு பக்கம், 2015-ல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவ மக்களோடு சேர்ந்து பாடகர் டி.எம். கிருஷ்ணா, சமூக ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோர் ஒரு விழா தொடங்கினார்கள். சபாவுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்த கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் கடலோர மணலில் ஒரே மேடையில் நடந்தன. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவை இசைவாணி என்ற பெண் பாடினார். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில், கிரேஸ் பானு முயற்சியில், திருநர் சமூகத்தினரே நடத்திய புத்தகக் கடை நந்தனத்தில் இருந்தது.

இவ்வளவு பேர் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையோரம் ஒரு சின்னப் பெட்டிக்கடை மாதிரி நாங்கள்.

மேடை என்பது என்ன?

இந்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயத்தை மட்டும் இன்று உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். மேடை என்பது நான்கு பலகையும் ஒரு மைக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மேடை என்பது கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் தொடங்கி, கடைசி பஸ்ஸில் முடிகிறது. நடுவில் எங்கே தடுக்கி விழுந்தாலும் கலைஞர் மேடைக்கு வந்து சேரமாட்டார்.

முதலில் கேட். நம் ஓ.எம்.ஆர். பக்கத்துக் கம்பெனிகளுக்குள் நுழைய அடையாள அட்டை கேட்பார்கள். அட்டையில் பழைய பெயர், பழைய போட்டோ. எதிரில் நிற்பவர் புடவை கட்டியிருக்கிறார். செக்யூரிட்டித் தம்பி அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். சோதனைக்கு ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை என்று இரண்டு. எதில் நிற்பது? பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த அஞ்சு நிமிடம் முடிந்து உள்ளே வருபவருக்குப் பாட்டு வருமா, சொல்லுங்கள்? அதனால் நாங்கள் எந்த இடத்தில் நடத்தினாலும் முதல் நாளே போய்ச் செக்யூரிட்டித் தம்பிகளோடு டீ குடித்துவிட்டு வருவோம். "நாளைக்கு வர்றவங்க நம்ம விருந்தாளிங்க. என்ன பேர் சொல்றாங்களோ அதுதான் பேர்" என்று சொல்லி வைப்போம். ஒருவர்கூட இதுவரை மறுத்ததில்லை. சொல்லித்தர ஆளில்லாமல்தான் பாதிப் பேர் தப்பாக நடந்துகொள்கிறார்கள்.

அடுத்தது கழிப்பறை. இதைச் சபையில் பேசலாமா என்று யோசித்தேன். பேசத்தான் வேண்டும். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு வருகிறவர், மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார். ஏன் என்று கேட்டால், "எந்தப் பக்கம் போனாலும் பிரச்சினைக்கா" என்கிறார். ஒரே ஒரு கழிப்பறையின் கதவில் 'எல்லோருக்கும்' என்று கையால் எழுதி ஒட்டுகிறோம். செலவு ஒரு அட்டை, ஒரு ஸ்கெட்ச் பேனா.

மூன்றாவது நேரம். மீன் விற்கிற அம்மாவுக்கு வியாபாரம் முடிய மதியம் ஆகும். வீட்டு வேலைக்குப் போகிறவருக்குச் சாயங்காலப் பாத்திரம் காத்திருக்கும். கடை கேட்கப் போகிற திருநங்கைக்கு அந்த நாள் வருமானம் போகும். ஹாஸ்டல் பெண்ணுக்கு எட்டு மணிக்குக் கேட் மூடிவிடுவார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து ஆறரை வரைதான் எல்லோருக்கும் பொதுவான நேரம். சபாக்காரர்கள் கச்சேரி வைக்கிற நேரத்தில் நாங்கள் நாற்காலி மடக்கிக்கொண்டிருப்போம். இடமும் அப்படித்தான். 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தபோது பெருங்குடிக்கும் ஸ்டேஷன் வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டோம். ஸ்டேஷனுக்கும் ஓ.எம்.ஆருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். எனவே ஸ்டேஷன் வாசலில் எங்கள் ஆள் ஒருவர் ஷேர் ஆட்டோ பிடித்து வைத்துக்கொண்டு நிற்பார்.

நான்காவது பணம். நம் ஊரில் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துவோம். பிளாஸ்டிக் மாலை போடுவோம். தலைவர் கையால் ஒரு கேடயம் கொடுப்போம். பொன்னாடையைக் கொண்டுபோய் அரிசிக் கடையில் கொடுக்க முடியுமா? நாங்கள் கலைஞர் மேடை ஏறுவதற்கு முன்பே கவரைக் கையில் கொடுத்துவிடுவோம். ஆட்டோ செலவு தனி. பயிற்சி பெற்ற நடனக் கலைஞருக்கும் ஒப்பாரி பாடுகிற அம்மாவுக்கும் ஒரே தொகை. ஆரம்பத்தில் இதற்கு எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "ஒருத்தர் பத்து வருஷம் கத்துக்கிட்டு வந்திருக்காங்க" என்றார் ஒரு நண்பர். "இந்த அம்மா நாப்பது வருஷம் சாவு வீட்டுல பாடிப் பாடிக் கத்துக்கிட்டு வந்திருக்காங்களே" என்றார் இன்னொருவர். அதோடு சண்டை முடிந்தது.

ஐந்தாவது படம். இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் முகம் எங்கோ வெளியாகி, அதை வீட்டில் யாரோ பார்த்து, அந்தப் பிள்ளை வீட்டை விட்டு வெளியேறும்படி ஆகலாம். வேலை போகலாம். இது கற்பனை இல்லை. வாசலில் ஒரு டப்பாவில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு வைத்திருப்போம். பேட்ஜில் பொட்டு ஒட்டிக்கொண்டவரைப் படம் எடுக்கக் கூடாது. மேடையில் இருந்தாலும் சரி, கீழே இருந்தாலும் சரி.

அழைப்பிதழில் ஒரே ஒரு வரியை மாற்றியிருக்கிறோம். 'குடும்பத்துடன் வருக' என்று போடுவதுதானே வழக்கம்? எங்கள் கூட்டத்தில் பலரைக் குடும்பம் கைவிட்டிருக்கிறது. சிலர் குடும்பத்துக்குத் தெரியாமல் வருகிறார்கள். எனவே 'தனியாகவும் வரலாம், சேர்ந்தும் வரலாம்' என்று போடுகிறோம். குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு. மகனைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு அப்பா கடைசி வரிசையில்தான் உட்காருவார். நிகழ்ச்சி முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கடைசியாக, கலை. இது முக்கியம். துன்பப்பட்டவர்களை மேடையேற்றினால் அவர்கள் துன்பத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். "உங்க கதையைச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டுகிறோம். அழுதால் கை தட்டுகிறோம். எங்களிடம் ஒரு திருநங்கைத் தங்கை கேட்டாள்: "அக்கா, நான் காமெடி பண்ணுவேன். பண்ணலாமா? இல்ல, அழணுமா?" அன்றிலிருந்து நாங்கள் யாரிடமும் கதை கேட்பதில்லை. ஒத்திகை வைக்கிறோம். சுருதி சேரவில்லை என்றால் சேரவில்லை என்று சொல்கிறோம். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அவர்களைப் பாருங்கள். மதுரையிலிருந்து போய், தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பல வருஷம் குருகுலவாசமாகக் கற்றார். 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை அவர். அந்த மரியாதை அவருடைய ஆட்டத்துக்குக் கிடைத்தது. இரக்கப்பட்டு யாரும் கொடுக்கவில்லை.

மொட்டை மாடியில் நடந்த விழா

சில வருஷங்களுக்கு முன்பு தென்சென்னையில் ஒரு மண்டபத்தை முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்தோம். விண்ணப்பத்தில் எதையும் மறைக்கவில்லை. ஞாயிறு நிகழ்ச்சி. வியாழக்கிழமை மாலை போன் வருகிறது: "மேடம், கமிட்டியில வேண்டாங்கறாங்க. அட்வான்ஸை வாங்கிக்கங்க." காரணம் கேட்டதற்குப் பதில் இல்லை. நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. விழுப்புரத்திலிருந்து ஒரு குழு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

நான் பெருங்குடியில் ஒரு சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். எங்கள் அசோசியேஷன் செயலாளரிடம் போய் நின்றேன். ரிடையர்டு ஆபீஸர், கறாரான மனிதர். பைக் நிறுத்துகிற கோட்டைத் தாண்டினால்கூடக் கடிதம் எழுதுவார். முழுவதையும் கேட்டுவிட்டு, "மொட்டை மாடிதானே? ஒன்பது மணிக்கு மேல சத்தம் கூடாது. தண்ணி டேங்க் பக்கம் யாரும் போகக் கூடாது. மத்தபடி எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஷாமியானா. கீழ்வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாடிப் பாட்டி ஒருவர், வயது எண்பதுக்கு மேல், முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். விழுப்புரத்துக் குழுவில் ஒரு திருநங்கை தாலாட்டும் ஒப்பாரியும் பாடினார். முடிந்ததும் பாட்டி அவரைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதை யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்றார். "எங்க ஆயாகிட்ட, பாட்டி" என்று பதில். "நடுவுல ஒரு அடி விட்டுட்ட" என்று சொல்லிப் பாட்டி அந்த அடியைப் பாடிக் காட்டினார். இரண்டு பேரும் அரை மணி நேரம் எதையோ பாடிப் பாடிச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபி ஆறிப்போனது.

இதைச் சொல்வதால் எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். மறுநாள் இரண்டு வீட்டுக்காரர்கள் எழுத்து மூலம் புகார் கொடுத்தார்கள். செயலாளர் அதை ஃபைலில் போட்டு, "நிகழ்ச்சி 8.40-க்கு முடிந்தது" என்று குறிப்பெழுதினார். அந்த ஒரு வரிக்கு நான் அவருக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் கலாச்சாரமா?

"இதெல்லாம் நம்ம கலாச்சாரமா?" என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டினார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் நடிகர்களுக்கு ரசிகர் கூட்டமே இருந்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தினார். கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் நந்தனாராகவே சினிமாவில் நடித்தார். ஒரு பெண் ஆணாக, அதுவும் சேரியில் பிறந்த அடியாராக! வேஷம் கட்டினவரை ரசித்த நாம், அதுவே வாழ்க்கையாக உள்ளவரைக் கண்டால் மட்டும் முகம் திருப்புகிறோம். சொல்லுக்கும் பஞ்சமில்லை. 2022-ல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டுவிட்டது. பால்புதுமையர், திருநர் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இனி வாய்தான் பழக வேண்டும்.

நம் சாவனீரின் கடைசிப் பக்கம்

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். போன ஒன்றுகூடலுக்குப் போட்ட சாவனீரின் கடைசிப் பக்கத்தில் 'முகவரி கிடைக்காதவர்கள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் எங்கள் வகுப்புப் பெயர் ஒன்று. பெயரைச் சொல்ல மாட்டேன். என் வயதுக்காரர்களுக்குப் புரியும். கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் பெண் வேஷம் போட்டு முதல் பரிசு வாங்கியவர். அன்றைக்கு நாம் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். மறுநாளிலிருந்து கேன்டீனில், ஹாஸ்டலில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வருஷம் அவர் வரவில்லை. குரூப் போட்டோவில் இல்லை.

அவருடைய முகவரி எனக்குத் தெரியும். அவர் இப்போது 'அவள்'. நல்ல வேலையில் இருக்கிறாள். இதைச் சபையில் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். "இந்தத் தடவை வாயேன்டி" என்று கூப்பிட்டேன். "வர்றேன். பேட்ஜ்ல எந்தப் பேரை எழுதுவாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் அவள் வரவில்லை.

நண்பர்களே, நம் பதிவுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'பெயர்' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, 'கல்லூரியில் படித்தபோது இருந்த பெயர்' என்று ஒரு கட்டம். கல்யாணமாகி இனிஷியல் மாறின எங்களுக்காக அந்தக் கட்டத்தைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். பேட்ஜில் இப்போதைய பெயரைத்தான் எழுதுகிறீர்கள். யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அதே கட்டம் அவளுக்கும் போதும். 'பெண்களுக்கு மட்டும்' என்று அடைப்புக்குறியில் இருக்கும் இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டால் போதும். பழைய பெயரை எழுதுவதும் எழுதாததும் அவரவர் விருப்பம், எழுதினாலும் அதை எங்கும் அச்சிடக் கூடாது, என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

மூன்று வேண்டுகோள்

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, அடுத்த படிவத்திலேயே இந்தத் திருத்தத்தைச் செய்யுங்கள்.

இரண்டு, இங்கே இருப்பவர்களில் பலர் ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் பெரிய பொறுப்பில் இருக்கிறீர்கள். கந்தஞ்சாவடியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் ஆடிட்டோரியங்களின் சாவி உங்களில் யாரோ ஒருவர் கையெழுத்தில் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம் கொடுங்கள். வாடகை கொடுக்கிறோம். கூட்டிப் பெருக்கிக் கொடுக்கிறோம். வியாழக்கிழமை கூப்பிட்டு வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்று, நம் சங்கம் கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பரிசுக் கோப்பைகள் கொடுக்கிறது. மிக்க மகிழ்ச்சி. அந்த மாணவர் கலைக்குழுவோடு வருஷத்துக்கு ஒரு தடவை நாமும் உட்கார்ந்து பேசுவோம். இன்றைக்கு அங்கே பெண் வேஷம் போட்டுக் கைதட்டல் வாங்குகிற ஒரு பிள்ளை, மறுநாள் காலை கேன்டீனில் நிம்மதியாக டீ குடிக்க வேண்டும். மூன்றாம் வருஷம் குரூப் போட்டோவில் நிற்க வேண்டும்.

சாவி வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை வந்து பாருங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாசலருகே உட்கார்ந்திருப்பேன்.